வெளியாள்

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். கேக்கின் மேல் அவர் மகளுடைய பெயரில் பாதியைத்தான் எழுதியிருக்கிறேன். க்ரீம் பிழியும் பை என் உள்ளங்கைச் சூட்டில் இளகுகிறது. இளகட்டும். பக்கத்து மேசையில், நான் கைபிடித்துப் பழக்கிய புதியவன் தலை நிமிராமல் சர்க்கரை ரோஜாவுக்கு இதழ் வைக்கிறான். அவனைவிட எனக்கு அதிகம் கிடைக்கும் என்று நினைத்து, காலையில் தன் சம்பளத்தைச் சொல்லிவிட்டான். என்னுடையதைப் போல ஒன்றரை மடங்கு. அவன் மேல் எனக்குக் கோபமில்லை. எதிரே நின்று, கிண்ணத்து ஓரத்து க்ரீமை விரலால் வழித்து நக்குகிறாரே முதலாளி, அவர் மேல்தான். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டுவிட்டேன். "அவனோட போய் உங்கள ஒப்பிடலாமாக்கா? அவன் வெளியாள். காசு குடுத்தாத்தான் நிப்பான். நீங்க நம்ம வீட்டு ஆளு. எங்க போயிடப் போறீங்க?" அக்கா அக்கா என்றே இத்தனை வருஷம் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார். நான் ஒருமுறை தம்பி என்றதற்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று. இரைந்துகொண்டிருக்கும் க்ரீம் அடிக்கும் எந்திரத்தை நிறுத்துகிறேன். கடை முழுக்கச் சட்டென்று அமைதி. "அப்போ இன்னையிலேருந்து என்னையும் வெளியாளாவே வெச்சுக்குங்க, சார்." அவர் விரல் வாயருகே நிற்கிறது. "என்னக்கா இது, கஸ்டமர் நிக்கிறாரு. மொதல்ல எழுதி முடிங்க." "எழுதுறேன். வெளியாளுக்கு என்ன சம்பளம்னு சொல்லுங்க." வாடிக்கையாளர் கண்ணாடியைத் தட்டுகிறார். புதியவன் இதழைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்க்கிறான். பாதிப் பெயருக்கு மேலே என் கை அசையாமல் நிற்கிறது.