தாச்சிக்குள் தகடு

“மூண்டு நாளா இந்த மனுசனைக் கூப்பிடுறன். திரும்பியும் பாக்குதில்லை. இவள் செய்வினை செய்துபோட்டாள்!”

அன்னபூரணத்தின் குரல் வங்களாவடிச் சந்தி வரைக்கும் போய்த் திரும்பி வந்தது.

எதிரே மனோகரி. அதே வளவில் பின்வீட்டில் வாடகைக்கு இருந்து ரேடியோ திருத்துகிறவள்.

“அப்பிடியொண்டும் இல்லை, மாமி.”

“என்னடி முணுமுணுக்கிறாய்? மந்திரமோ?”

பக்கத்து வீட்டு இராசமணி ஓடி வந்தார். “என்னக்கா கண்டனியள்?”

“வேலிக்குள்ளாலை பாத்தனான். இவர் என்னவோ பொத்திக் கொண்டுவந்து குடுத்தவர். இவள் தாச்சியிலை மணலைச் சூடாக்கி, மேலை தகடு வைச்சு, சாம்பிராணி போட்டாள். பிறகு சாவணத்தாலை எள்ளுப்போலை ஒண்டை எடுத்து வைச்சாள்!”

“ஐயோ, கச்சான் வறுக்கிற தாச்சியிலையோ?”

“ஓமடி! ரேடியோ திருத்த ஏன் சாம்பிராணி? சொல்லு, என்ன தகடு?”

 

அது அன்னபூரணத்தின் கணவர் ஐயாத்துரை மாஸ்ரரின் காது மிசின். ஜேர்மனியிலிருந்து மகன் அனுப்பியது. உள்ளே எள்ளில் பாதியளவு துண்டு ஒன்று கழன்றுவிட்டது. சோல்டரிங் அயனின் முனையே அதைவிடப் பெரிது. அதனால்தான் சுடுமணலில் மிசினின் உள்தகட்டை வைத்து, ஈயம் இளகுகிற கணம் பார்த்து ஒட்டினாள். ஈயம் பிடிக்கச் சாம்பிராணி. காலையில்தான் அவரிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மாஸ்ரர் கும்பிடாத குறையாகக் கேட்டிருந்தார்: “பிள்ளை, எனக்குக் காது கேளாதெண்டு அவவுக்குத் தெரியக்கூடாது.”

“வெள்ளிக்கிழமைக்குள்ளை வளவை விட்டு வெளிக்கிடு!”

மனோகரி தலையாட்டினாள்.

படலை திறந்தது. மாஸ்ரர் சந்தைப் பையோடு வந்தார்.

“இஞ்சாருங்கோ!” என்று அன்னபூரணம் கத்தினார்.

அவர் திரும்பினார். “என்னப்பா, காதை அடைக்குது!”

“பாத்தியளோ? செய்வினை கழியக் கோயிலிலை தேசிக்காய் வெட்டினனான். வேலை செய்துட்டுது!”

பின்னேரம் மனோகரி பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பின்கதவில் மெல்லிய தட்டல்.

அன்னபூரணம் தனியே நின்றார். முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே அதே மாதிரி இன்னொரு காது மிசின்.

“மகன் எனக்கும் ஒண்டு ஒளிச்சு அனுப்பினவன். ரெண்டு மாதமா வேலை செய்யுதில்லை. இப்பதான் அவரின்ரை காதுக்குள்ளை மினுங்கினதைக் கண்டனான். நீர் ஓரிடமும் போகவேண்டாம் பிள்ளை. இதுக்கும் ஒருக்காச் சாம்பிராணி போடும்... அவருக்கு மட்டும் சொல்லிப்போடாதையும்.”