வாயில்லாப் பங்காளி

“அம்மா, ராத்திரியானா சூரியன் நம்ம வீட்டுக்குள்ளதான் வந்து படுத்துக்குதா?”

தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் வராமல் புரண்ட ஒரு சிறுமி எப்போதோ கேட்ட கேள்வி அது. அதையே ஆய்வின் தலைப்பாக்கி, பெரிய எழுத்தில் எழுதித் தையல் கடைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு வெப்பமானி தொங்கியது.

நடுவர் சொல்லாமல் கொள்ளாமல் வந்து, தலை இடிக்காமல் குனிந்து உள்ளே நுழைந்தார். வெளியூரிலிருந்து பல்கலைக்கழகம் வரவழைத்திருந்த ஆள். இங்கே யாருடைய முகமும் அவருக்குத் தெரியாது.

தெருமக்களோடு சேர்ந்து பருவநிலை ஆய்வு செய்கிறவர்களுக்குப் பல்கலைக்கழகம் விதை நிதி தருகிறது. அது யாருக்கு என்று அவர்தான் சொல்ல வேண்டும். கிடைத்தால் அடுத்த கோடைக்குள் இந்தத் தெருவின் கூரைகள் எல்லாவற்றுக்கும் சூட்டைத் தணிக்கும் வெள்ளைப் பூச்சு. கிடைக்காவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் நடுத்தெருவில் பாய் விரிக்க வேண்டியதுதான்.

கடைக்குள் இரண்டு பெண்கள். ஒருத்தி தையல் மிஷினுக்கு முன்னால், கழுத்தில் அளவு டேப்பும் உதடுகளுக்கு நடுவே குண்டூசிகளுமாக, சீருடைப் பாவாடை ஒன்றுக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தாள். மற்றவள் மூக்குக்கண்ணாடி, கொண்டையில் செருகிய பேனா, கையில் மர ஸ்கேல் சகிதம் எழுந்து வந்தாள்.

“வாங்க சார், வாங்க. இன்னிக்கு வருவீங்க, நாளைக்கு வருவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தோம். ஐயோ, அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும்.”

நடுவர் நின்றபடியே சொன்னார். “தெருக்காரங்க இந்த ஆய்வுல பங்காளியா இருக்கணும்மா. அதைப் பார்க்கத்தான் வந்தேன்.”

“பங்காளின்னா கேக்கணுமா சார்? தினமும் சண்டைதான்!” என்று சிரித்தாள் கண்ணாடிக்காரி.

பிறகு ஸ்கேலை நீட்டி நீட்டி விளக்க ஆரம்பித்தாள். எந்தக் கூரைக்கு வெள்ளைப் பூச்சு, எந்தக் கூரைக்கு ஈரச் சாக்கு, கைக்குழந்தை இருக்கிற வீட்டுக்கு ஏன் முதலில் பூச்சு என்று மூச்சு விடாமல் சொன்னாள்.

“சாக்கு உதவாது சார். ஈரம் காஞ்சதும் நாத்தம்தான் மிச்சம். நான் முதல்லயே சொன்னேன். அதுக்கு எங்களுக்குள்ள பெரிய சண்டை!”

“சண்டையில யார் ஜெயிச்சது?”

“இதென்ன கேள்வி? நான்தான்!”

நடுவர் மிஷின் பக்கம் பார்த்தார். அங்கிருந்தவள் தலை நிமிரவில்லை. ‘பாவம், வாயில்லாப் பூச்சி’ என்று நினைத்துக்கொண்டார். நல்ல மனிதர் அவர். பேச முடியாதவர்களுக்காக ஒரு வார்த்தை பேசும் பாக்கியம் வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறவர்.

அந்த நேரம் பார்த்து நூல் அறுந்து மிஷின் நின்றது. கண்ணாடிக்காரி எட்டிப் பார்த்தாள்.

“அடடா, தையல் பாம்பு மாதிரி போயிருக்கு. பிரிச்சுட்டு மறுபடியும் அடிங்க.”

நடுவருக்குச் சுருக்கென்றது. தையலில்கூடவா அதிகாரம்?

“அம்மா, நீங்க சொல்லுங்க” என்று மிஷினில் இருந்தவளிடம் குனிந்தார். “பயப்படாதீங்க. ஆண்டவன் எல்லாருக்கும்தான் நாக்கு கொடுத்திருக்கான். இவங்க உங்களைப் பேச விடறாங்களா?”

அவள் குண்டூசிகளை எடுக்க வாயருகே கையைக் கொண்டுபோனாள்.

“நம்ம பேச்சு என்ன? பேசறது நான், தைக்கிறது நீங்க” என்றாள் கண்ணாடிக்காரி. “சாயங்காலத்துக்குள்ள இது அத்தனையும் கொடுத்தாகணும். வேலையைப் பாருங்க.”

மிஷினில் இருந்தவள் கையை இறக்கிக்கொண்டு, நடுவரைப் பார்த்து ‘விடுவதில்லை’ என்று தலையை ஆட்டினாள். தோள்கள் குலுங்கின. கண்களில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அதற்கு மேல் நடுவரால் பொறுக்க முடியவில்லை.

“போதும்மா! போன இடத்திலெல்லாம் இதே கதைதான். பேராசிரியரே பேசுவார், தெருக்காரங்க தலையாட்டுவாங்க. தெரு பேசி, பேராசிரியர் வாயை மூடிக்கிட்டுக் கேட்ட இடம் ஒண்ணே ஒண்ணு கண்ணுல பட்டிருந்தா, அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்பேன். இந்த விதி உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?”

“நல்லாத் தெரியும் சார்” என்றாள் கண்ணாடிக்காரி கொஞ்சமும் அசராமல். “அதனாலதான் இவங்களை வாயே திறக்க விடல.”

இவ்வளவு நெஞ்சழுத்தமா! நடுவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

வாசல்படியில் மனசு கேட்கவில்லை. ஒரு ஏழையின் வாயை அடைத்த இடத்திலிருந்து அப்படியே போய்விட்டால் இரவு தூக்கம் வருமா? திரும்பி வந்து, மிஷினுக்கு முன்னால் கைகூப்பாத குறையாக நின்றார்.

“நிதி போனா போகட்டும்மா. உங்களுக்காக நான் பேசறேன். உங்க வாயால ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, அது போதும்.”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாவாடையில் குத்தினாள். அடக்கி வைத்திருந்த சிரிப்பு முகமெல்லாம் பரவியது.

“பேராசிரியை நான்தான் சார்.”