எந்த முகவரியிலேருந்து?

"வேவு பார்க்கிறான் சார், என் மச்சினன்! ஆள் வெச்சு என் வெப்சைட்டை வேவு பார்க்கிறான்!"

வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிற வெப்சைட்காரர் கடைக்குள் வந்து நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, கடிகாரக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

மச்சினனுக்கும் அடுத்த தெருவில் கடிகார ரிப்பேர் கடைதான். இன்டர்நெட்டில் தேடினால் அவன் கடைதான் முதலில் வரும். இவர் கடை மூணு பக்கம் தள்ளி எங்கேயோ ஒரு மூலையில் கிடந்தது. அவனுக்கு ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"தினமும் யார் யாரோ வந்து எல்லாப் பக்கத்தையும் புரட்டிட்டுப் போறானுங்க சார். ஒருத்தனாவது ஒரு கடிகாரம் கொண்டு வரணுமே! எல்லாம் அவன் வேலை."

"ஆரம்பிச்சாச்சா? என் தம்பியைக் கரிச்சுக் கொட்டலைன்னா உங்களுக்குப் பொழுதே போகாது" என்றாள், கடையில் கூட இருந்த மனைவி. "இன்னும் ஒரு மாசம் இப்படியே ஈ ஓட்டினா கடையை இழுத்து மூட வேண்டியதுதான். முதல்ல கடைக்கு ஆள் வர வழியைப் பாருங்க."

சொல்லிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு விருட்டென்று வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

வெப்சைட்காரர் லேப்டாப்பில், வந்துபோனவர்கள் பட்டியலைத் திறந்தார்.

"இதெல்லாம் மனுஷங்களே இல்ல சார். இன்டர்நெட்ல தேடிக் கொடுக்கிற தேடுபொறி இருக்கே, அது அனுப்புற ரோபோ. ஒவ்வொரு வெப்சைட்டா படிச்சுப் பார்த்துட்டுப் போகும். அதை வெச்சுத்தான் யாரை முன்னாடி காட்டறதுன்னு முடிவு பண்ணுவாங்க."

"அந்த ரோபோ பேரைப் போட்டுக்கிட்டு அவனே வந்தா?"

"அப்படியும் வருவாங்க. அதனாலதான் பேரைப் பார்த்து நம்பறதில்ல. இன்டர்நெட்ல ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு முகவரி நம்பர் உண்டு. எந்த முகவரியிலேருந்து வருதுன்னு பார்ப்போம்."

ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"எல்லாம் அசல். பதினேழாம் தேதி வரைக்கும் எப்பவாவது மட்டும் உங்களை எட்டிப் பார்த்த ரோபோ, பதினெட்டுலேருந்து தினம் வருது. நீங்க இப்ப முதல் பக்கத்துல ஏழாவது இடம் சார்!"

கடிகாரக்காரர் முகம் மலர்ந்தது.

"அவன்?"

"முதல் இடம்தான்."

மலர்ந்த முகம் வாடியது. "அதானே! சரி, என்கிட்ட ஏன் திடீர்னு வருது?"

"நல்ல பேர் வாங்கின வெப்சைட்ல உங்களுக்கு ஒரு லிங்க் போட்டிருக்காங்க. அதைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வருது. இதோ."

மச்சினனின் பக்கம். 'சாவி கொடுக்கிற பழைய கடிகாரமா? எங்க அத்தான் கடைக்குப் போங்க. எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.' கீழே இவர் கடைக்கு லிங்க்.

கடிகாரக்காரர் அதை இரண்டு தரம் படித்தார். ஆனால் பொறாமை அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா?

"இதுல ஏதோ சூது இருக்கு சார். சும்மா செய்யற ஆளா அவன்?"

வெப்சைட்காரர் லேப்டாப்பை மூடினார்.

"அவர் வெப்சைட்டையும் நான்தான் பார்த்துக்கறேன். பதினேழாம் தேதி அங்கே ஒரு போலி கமெண்ட் வந்துச்சு. 'ஏமாந்துபோன வாடிக்கையாளர்'னு பேர். 'இவனுக்குத் தொழிலே தெரியாது, யாரும் போகாதீங்க'ன்னு எழுதியிருந்தது. எந்த முகவரியிலேருந்துன்னு பார்த்தேன்."

கடிகாரக்காரர், ரிப்பேருக்குக் கண்ணில் மாட்டும் லென்ஸை எடுத்து, சுத்தமாக இருந்ததையே துடைக்க ஆரம்பித்தார்.

"அவன்கிட்ட... சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். 'அத்தான் கடைக்கு ஆளே வரலை போல, பாவம். அக்காவுக்குத் தெரிய வேண்டாம்'னாரு. அன்னிக்கு ராத்திரியே இந்த லிங்க்கைப் போடச் சொன்னாரு."