உட்கார்ந்தால் தெரிகிற ஆறு

ஆற்றுப் பள்ளத்தாக்கில் இருக்கும் அந்தப் பழைய பூங்காவின் பாதை வளைந்து வளைந்து மேடேறுகிறது. வளைவுக்கு வளைவு பாசி படர்ந்த கல் பெஞ்சு. இதய ஆபரேஷன் முடிந்து முதல்முறையாக வெளியே வந்திருக்கும் கணவருக்கு மூச்சு வாங்குகிறது. வாயைத் திறந்து சொல்வாரா? மரப்பட்டையைத் தடவி ரசிப்பதுபோல் நிற்கிறார். "எனக்குக் கால் வலிக்குதுங்க, கொஞ்சம் உக்காரலாம்," என்கிறாள், வலியே இல்லாத மனைவி. உட்கார்ந்ததும், நிற்கையில் கிளைகள் மறைத்திருந்த ஆறு, அவற்றுக்கு அடியில் வெயிலில் தகதகவென்று விரிகிறது. எந்தக் காலத்திலோ மூச்சு வாங்குகிறவர்களை நினைத்து இந்தப் பெஞ்சைப் போட்ட புண்ணியவானை அவள் மனசுக்குள் கும்பிடுகிறாள். கணவர் அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறார். ஆற்றைப் பார்த்தபடியே, "அடுத்த வளைவுலயும் உனக்குக் கால் வலிக்குமா?" என்கிறார்.