அடியில் ஒரு பெயர்

"கம்ப்யூட்டர் எழுத்துல ரெண்டு வகை இருக்கு அண்ணாச்சி," என்றேன். "இது புள்ளி எழுத்து, புள்ளி புள்ளியா சேத்து வச்சது. சின்னதா இருந்தா நல்லா இருக்கும். பெருசாக்குனா ஓரமெல்லாம் பிசிறடிக்கும். இன்னொண்ணு அவுட்லைன். எவ்வளவு பெருசாக்குனாலும் வழவழன்னு வரும்."

பஞ்சாயத்துத் தேர்தல் போஸ்டருக்காக எங்கள் டி.டி.பி. கடைக்கு மனைவியோடு வந்திருந்த கொம்பையா, இரண்டு பெயர்கள் எழுதிய சீட்டை நீட்டினார்.

"மேல எம் பேரு. அவுட்லைன்ல, தாள் அகலத்துக்கு வரட்டும். அடியில இவ பேரு. அதுக்குப் புள்ளி எழுத்து போதும்."

"என் பேரையும் கொஞ்சம் பெருசாக்கலாமா?" என்று பைய கேட்டாள் இசக்கியம்மா.

அந்தப் புள்ளி எழுத்திலேயே பெரிதாக்கிக் காட்டினேன். திரையில் எழுத்தின் ஓரமெல்லாம் கருக்கரிவாள் பல்லாக நின்றது.

"பாத்தியா? ஒம் பேரு அதுக்கு மேல பெருசாகாது. பேசாம நில்லுட்டி," என்று சிரித்தார் கொம்பையா.

எனக்கு எரிச்சலாக இருந்தது. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லத் தோன்றியது.

"பொண்டாட்டி பேரையும் போஸ்டர்ல போடுதியளே, அதுவே பெருசு அண்ணாச்சி."

"போடாம முடியாதும்மா," என்றார் அலுப்போடு. "இந்தத் தடவை தலைவர் பதவியப் பொம்பளையளுக்குன்னு ஒதுக்கிட்டானுவ. எலெக்சன்ல நிக்கது அவதான்."