பாதித் தண்ணீர்

டெமா துறைமுகத்தில் எங்கள் மீன் குளிர்கிடங்கின் அலுவலக அறை. சுவருக்கு அப்பால் பழைய குளிர்பதன இயந்திரம் இழுத்து இழுத்து மூச்சு விடுகிறது. அதைச் சரிசெய்யத் தெரிந்த டெலாலி, முதலாளி குவார்ட்டெங்குக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்து மேசையில் நான். வந்தவர் தண்ணீர் குடித்து முடிக்கும்வரை இங்கே யாரும் விஷயத்தைத் தொடமாட்டார்கள். முதலாளிக்குத்தான் பொறுக்கவில்லை, தண்ணீர்ப் பாக்கெட்டோடு வேலைக் கடிதத்தையும் சேர்த்து நீட்டிவிட்டார். மாதம் ஏழாயிரம் என்ற வரியை அவள் ஒருமுறை படிக்கிறாள். பிறகு பாக்கெட்டின் மூலையைக் கடித்து உறிஞ்சத் தொடங்குகிறாள். ஜன்னல் வெயில் அந்த பிளாஸ்டிக்கில் நடுங்குகிறது. மேசையில் விழுந்த ஒரு சொட்டை விரலால் நிதானமாகத் துடைக்கிறாள். முதலாளி பேனா மூடியைக் கழற்றுகிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். "என்னம்மா, பதிலே காணோம்?" "தண்ணி குடிக்கிறேன் சார்." "ஒரு பாக்கெட்டுக்கு இவ்வளவு நேரமா? துறைமுகத்தையே குடிச்சு முடிக்கப் போறியா?" அவள் சிரிக்கவில்லை. இயந்திரம் ஒரு நொடி திக்கி நின்று, முனகலோடு மறுபடி ஓடுகிறது. முதலாளி இழுப்பறையைத் திறந்து இரண்டாவது கடிதத்தை எடுத்து வைக்கிறார். ஒன்பதாயிரம். அதையும் படித்துவிட்டு அவள் பாதி திறந்த இழுப்பறையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பாக்கெட்டில் இன்னும் பாதித் தண்ணீர் இருக்கிறது. உள்ளே மூன்றாவதாக ஒரு கடிதம் இருப்பது அவருக்குத் தெரியும், நேற்று மூன்றையும் தட்டச்சு செய்த எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. முதலாளியின் பார்வை அவளை விட்டு மெதுவாக என் பக்கம் திரும்புகிறது. நானும் ஒரு பாக்கெட்டை எடுத்து மூலையைக் கடிக்கிறேன்.