செவுத்துக்கு வாங்கின கருப்பட்டி

"பூச்சு மறுபடியும் உதிருதுங்க. சுண்ணாம்புல கருப்பட்டித் தண்ணி பத்தலைங்க," என்றார் கொத்தனார்.

சுரேந்தருக்குச் சலித்துவிட்டது. அன்னூரில் பாட்டன் கட்டிய செங்கல் வீடு. சிமெண்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கல்லே அரித்துப்போகும் என்றுதான் சுண்ணாம்புப் பூச்சுக்கு இத்தனை அலைச்சல். வாங்கி வைக்கிற கருப்பட்டியோ குறைந்துகொண்டே வந்தது.

சர்க்கரை வியாதிக்கார அப்பா பாலுசாமி மேல்தான் சந்தேகம். கேட்டதற்கு அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தப் பரிசோதனைக்கே கூட்டிப்போய்விட்டான்.

"சர்க்கரை நல்லா கட்டுப்பாட்டுல இருக்குதுங்க," என்றார் டாக்டர்.

வீடு திரும்பியபோது மனைவி சண்முகப்பிரியா சுவரடியில் உதிர்ந்த காரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா திங்கலை. அப்பறம் கருப்பட்டி எங்க அம்மணி போகுது?"

விளக்குமாறு நிற்கவில்லை.

"நாந்தானுங்க எருமைக்கு வெக்கற தண்ணில கரைச்சு ஊத்தறேன்."

"ஏன்?"

"கல்யாணமாகி வந்ததுலிருந்து நீங்க பூசறீங்க, நான் கூட்டறேன். மொத்தமா ஒருக்கா உழுந்துட்டா, கடைசியா ஒரு தடவ கூட்டிப்போட்டு உக்காருவனுங்க."